பக்கத்து மனையில் பள்ளம் தோண்டினால் உங்கள் சுவருக்கு யார் பொறுப்பு?

பக்கத்து மனையில் இருந்த பழைய வீட்டை இடித்தாகிவிட்டது. ஜேசிபி வந்து வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டுகிறது. நான்காம் நாள் உங்கள் சமையலறை ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து தரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் இறங்கியிருக்கிறது. பின்கட்டுக் கதவு தரையில் உரசுகிறது. நேற்றுவரை உரசவில்லை.

சென்னையிலும் மற்ற நகரங்களிலும் தனி வீடுகள் அடுக்குமாடிகளாக மாறும் தெருக்களில் இது அன்றாடச் செய்தி. கேட்கப் போனால் வழக்கமாக நான்கு பதில்கள் கிடைக்கின்றன.

1. சைட் மேஸ்திரி: "உங்க வீடு பழசு சார், விரிசல் முன்னாடியே இருந்திருக்கும்."
2. மனைக்காரர்: "நான் பில்டர்கிட்ட ஒப்படைச்சுட்டேன், அவர்கிட்டயே பேசிக்குங்க."
3. வார்டு அலுவலகம்: "பிளான் அப்ரூவல் இருக்கே."
4. காவல் நிலையம்: "இது சிவில் மேட்டர்."

நான்கிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பொறுப்பைக் கைகழுவ இவற்றில் ஒன்றுகூடப் போதாது. ஏன் என்று புரிய முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். சட்டம் அதற்கு அப்புறம்.

## மண் எப்படித் தாங்குகிறது

ஒரு வீட்டின் எடை சுவர் வழியாகவோ தூண் வழியாகவோ அஸ்திவாரத்துக்கு இறங்குகிறது. அங்கிருந்து மண்ணுக்குள் நேர் கீழாக மட்டும் போவதில்லை, பாவாடை விரிவதுபோல் பக்கவாட்டிலும் பரவுகிறது. அஸ்திவாரத்துக்குக் கீழே உள்ள மண் நசுங்கி ஓடாமல் நிற்பதற்குக் காரணம், சுற்றியுள்ள மண் அதை நாலாபுறமும் இறுக்கிப் பிடித்திருப்பதுதான். ஒரு பக்கத்து மண்ணை வெட்டி எடுத்தால் அந்தப் பிடி போய்விடும். மேலே இருக்கும் வீட்டை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அது இறங்கும்.

எவ்வளவு தள்ளித் தோண்டினால் ஆபத்தில்லை? அஸ்திவாரங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1904 இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு அஸ்திவாரங்கள் வெவ்வேறு ஆழத்தில் இருந்தால், அவற்றின் விளிம்புகளை இணைக்கும் சாய்வு கோடு 1 பங்கு செங்குத்துக்கு 2 பங்கு கிடைமட்டம் என்பதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. ஆழ வித்தியாசத்தைப் போல் இருமடங்கு இடைவெளி வேண்டும் என்று பொருள்.

இதை ஒரு கிரவுண்ட் மனை மீது போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டின் அஸ்திவாரம் 4 அடி ஆழம், எல்லையிலிருந்து 3 அடி தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் 8 அடி ஆழத்துக்குத் தோண்டுகிறார்கள். வித்தியாசம் 4 அடி. வேண்டிய இடைவெளி 8 அடி. புதிய கட்டடம் தன் பக்கம் 5 அடி விட்டுக் கட்டினால் காகிதத்தில் 3-ம் 5-ம் சேர்ந்து 8 வந்துவிடும். ஆனால் பள்ளம் அந்த 5 அடியை விட்டுவிட்டுத் தோண்டப்படுவதில்லை. ஆள் இறங்கி வேலை செய்ய, சென்ட்ரிங் அடிக்க, சம்ப் கட்ட என்று காம்பவுண்ட் சுவரின் ஓரம் வரை வெட்டிவிடுவார்கள். மிஞ்சுவது உங்கள் பக்கத்து 3 அடி மண்தான். நெருக்கமான தெருக்களில் ஏறக்குறைய எல்லா மனைகளும் இந்த நிலையில்தான் இருக்கின்றன. ஆகவே இந்தத் தெருக்களில் மண்ணுக்கு முட்டுக் கொடுக்காமல் தோண்டுவது சரியாகாது.

முட்டுக் கொடுப்பதில் பல வகை. ஆழம் குறைவு, மண் கெட்டி என்றால் சவுக்குக் கட்டையும் பலகையும் மணல் மூட்டையும் போதலாம். ஆழம் கூடக்கூட இரும்புத் தகடு இறக்குவது, எல்லையோரமாக நெருக்கமாகப் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்) போட்டுவிட்டு அதற்குப் பிறகு தோண்டுவது என்று செலவு ஏறும். செலவு குறைந்த வழி ஒன்றும் உண்டு: எல்லையோரத்தை ஒரே நாளில் முழு நீளமும் வெட்டாமல், துண்டு துண்டாக, ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டி, ஒரு துண்டில் கான்கிரீட் முடிந்த பிறகு அடுத்ததைத் திறப்பது. இதற்கு நாள் அதிகம் ஆகும். ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுப்பவர்கள் இதை விரும்புவதில்லை. சென்னைத் தெருக்களில் விழும் விரிசல்களில் பெரும்பகுதி இந்த அவசரத்தின் விலை என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்தது தண்ணீர். கடலோரப் பேட்டைகளில் சில அடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். இரவு பகலாக மோட்டார் போட்டு இறைப்பார்கள். இதனால் இரண்டு கெடுதல்கள்: நிலத்தடி நீர் மட்டம் சுற்றுவட்டாரத்தில் இறங்கி மண் இறுகி அமர்கிறது, அதோடு, இறைக்கும் தண்ணீரோடு நைஸ் மணலும் சேர்ந்து வெளியே போகிறது. அந்த மணல் உங்கள் அஸ்திவாரத்துக்குக் கீழே இருந்தும் வந்திருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. மோட்டார் ஓடத் தொடங்கி ஒரு நாள் கழித்து, குழாய் வாயில் ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்து ராத்திரி முழுக்க ஆடாமல் வையுங்கள். காலையில் அடியில் லேசான படலம் மட்டும் இருந்தால் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு விரற்கடை மணல் தங்கியிருந்தால், நாள் பூராவும் எவ்வளவு மண் வெளியேறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்த பாட்டிலைத் தேதி எழுதிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை முதல் இரண்டு டன் எடை இருக்கும். பள்ளத்தின் ஓரம் சரிந்தால் உள்ளே நிற்பவர் தலை வெளியே இருந்தாலும் மார்பு அழுந்தி மூச்சு நின்றுவிடும். அதனால்தான் மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதிகள் மூன்று விஷயங்களைக் கறாராகச் சொல்கின்றன. 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தின் பக்கங்களைச் சாய்வாக வெட்ட வேண்டும் அல்லது முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணை ஓரத்திலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அந்தத் தூரத்துக்குள் கொட்டக் கூடாது. அடியில் குடைந்து மேல்மண்ணை விழ வைக்கவே கூடாது. இவை அரசுப் பணிகளுக்காக எழுதப்பட்டவை, ஆனால் மண்ணுக்கு அரசு, தனியார் என்ற வித்தியாசம் கிடையாது. ஒருவர் கவனக்குறைவாக இருந்தாரா என்று நீதிமன்றத்தில் ஒரு பொறியாளர் சாட்சி சொல்லும்போது இதுபோன்ற விதிகளைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொள்வார்.

## மழையில் திறந்து கிடந்த பள்ளம், சாலையில் விழுந்த சுவர்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. சென்னை வேளச்சேரியில் கட்டுமானத்துக்காகத் தோண்டப்பட்டிருந்த சுமார் 50 அடிப் பள்ளத்தின் ஓரம் சரிந்தது. அங்கே தற்காலிக அலுவலகமாக இருந்த கன்டெய்னர் உள்ளே விழுந்தது. இருவர் இறந்தார்கள். வெள்ளத்தை இறைத்துத் தேடி முடிக்க நான்கு நாட்கள் ஆயின. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும் என்பது நமக்குப் புதிதில்லை. பெரிய பள்ளத்தை ஐப்பசி, கார்த்திகையில் திறந்து போடுவது எதிர்பாராத விபத்து என்ற கணக்கில் சேராது.

இடிப்பு வேலையில் ஆபத்து வேறு மாதிரி. கட்டடத்தை மேலிருந்து கீழாக, ஏற்றிய வரிசைக்கு நேர் எதிராகப் பிரித்து இறக்க வேண்டும். இயந்திரத்தால் அடியில் தட்டினால் சுவர் எந்தப் பக்கம் சாயும் என்று ஓட்டுநருக்கே தெரியாது. 2023 ஜனவரி 27 அன்று சென்னை அண்ணா சாலையில் ஒரு பழைய கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தபோது சுவர் நடைபாதையில் விழுந்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இளம்பெண் ஒருவர் இறந்தார். தகரத் தடுப்பும், நடைபாதையை அடைத்து ஆட்களைத் திருப்பிவிட ஒருவரும் இருந்தால் போதும் என்கிற அளவுக்குச் சாதாரணமான முன்னெச்சரிக்கை அது.

மூன்றாவது, கட்டி முடித்த பிறகு விழும் சுவர். 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் நடூரில் சுமார் 20 அடி உயரக் காம்பவுண்ட் சுவர் மழையில் சரிந்து, அதை ஒட்டியிருந்த எளிய வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். உயரமான சுவர் தன் பின்னால் ஈரமண்ணைத் தாங்கும்போது அது வெறும் மதில் ஆகாது, மண் தாங்கும் சுவர். அதற்கு வேறு கணக்கு, வேறு கம்பி, தண்ணீர் வடிய ஓட்டை எல்லாம் வேண்டும். அந்த வித்தியாசத்தைத் தெருவில் யாரும் கேட்பதில்லை, பொறியாளரும் பல இடங்களில் கூப்பிடப்படுவதில்லை.

சாரத்தில் இருந்து விழும் செங்கல், பச்சை வலை கட்டாத முகப்பு, தெருவில் பாதியை மறைக்கும் ஜல்லிக் குவியல் ஆகியவை கண்ணுக்குத் தெரிவதால் புகார் செய்யவும் எளிது. மின்கம்பி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது: 11 கிலோவோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பால்கனியை வெளியே இழுத்துக் கட்டுவதாலும், நீளக் கம்பியைத் தூக்கித் திருப்பும்போதும் இந்த இடைவெளி போய்விடுகிறது. பலியாவது பெரும்பாலும் கம்பி கட்டுபவர்.

## "பிளான் அப்ரூவல் இருக்கே"

திட்ட அனுமதி என்பது என்ன? மனையின் அளவுக்கு எத்தனை சதுர அடி கட்டலாம், எத்தனை உயரம், சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும், கார் நிறுத்த இடம் உண்டா என்பதையெல்லாம் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுப்பது. கட்டடம் நிற்குமா என்று அதிகாரி கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. அதற்குக் கையெழுத்துப் போடுபவர் கட்டமைப்புப் பொறியாளர். உங்கள் சுவரை ஒட்டி எப்படித் தோண்டப் போகிறார்கள் என்பது பெரும்பாலும் அந்த அனுமதிக்குள் வருவதில்லை.

மௌலிவாக்கம் இதற்கு மறக்க முடியாத சாட்சி. 2014 ஜூன் 28 சனிக்கிழமை மாலை, மழை நேரத்தில், அங்கே கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் முழுதாகச் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திரம், ஒடிசா, தமிழக ஊர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர். அது திருட்டுத்தனமாகக் கட்டிய கட்டடமன்று, திட்ட அனுமதி பெற்றது. பக்கத்திலேயே நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளும் சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் அதன் நிழலில்தான் வாழ்ந்தார்கள்.

சிறிய வீடுகளுக்கு இப்போது விதி இன்னும் இலகு. 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில், முன்கூட்டிய கள ஆய்வு இல்லாமல், உடனடி அனுமதி கிடைக்கிறது. நடுத்தரக் குடும்பங்களை அலைச்சலிலிருந்தும் கையூட்டிலிருந்தும் காப்பாற்றும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் வெளியாள் ஒருவர் வந்து மனையையும் பக்கத்துச் சுவரையும் ஒரு பார்வை பார்க்கும் வாய்ப்பும் அதோடு போய்விட்டது. சுயசான்று என்றால் சான்று கொடுத்தவரே பொறுப்பு. எனவே அப்ரூவல் இருக்கிறது என்ற பதில், மனைக்காரரின் பொறுப்பைக் கூட்டத்தான் செய்கிறது.

இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பக்கத்துக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டப் போகிறவர் முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சம்மதம் கிடைக்காவிட்டால் நிபுணர்கள் வந்து எப்படித் தோண்டுவது என்று எழுதித் தீர்மானிப்பார்கள். தோண்டுவதற்கு முன் பக்கத்து வீட்டின் நிலையையும் பதிவு செய்துகொள்வார்கள். சுயசான்று கொடுக்கும் நமது அரசு, அந்தப் படிவத்திலேயே பக்கத்து வீட்டுச் சுவர்களின் படங்களையும் கட்டாயமாக இணைக்கச் சொல்லலாம். அதற்குப் பெரிய செலவில்லை.

## "பில்டர்கிட்ட ஒப்படைச்சுட்டேன்"

மண்ணின் தாங்குதல் ஒரு சட்ட உரிமை. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் 7-ஆம் பிரிவு, ஒவ்வொரு நிலத்துக்கும் அதன் இயற்கை நிலையில் பக்கத்து நிலத்து மண்ணின் தாங்குதலைப் பெறும் உரிமை உண்டு என்கிறது. கவனிக்க: இது வெறும் நிலத்துக்கு. நிலத்தின் மேல் வீடு கட்டி எடை ஏற்றியிருந்தால், அந்த வீட்டுக்கான தாங்குதல் உரிமை 15-ஆம் பிரிவின்படி 20 ஆண்டுகள் இடையூறின்றி அனுபவித்தால் கிடைக்கிறது.

இதன் பொருள் பலருக்கும் ஆச்சரியம் தரும். "உங்க வீடு பழசு" என்பது மேஸ்திரியின் வாதம். சட்டத்தின் கண்ணில் 20 ஆண்டைத் தாண்டிய வீட்டுக்குத்தான் பக்கத்து மண்ணின் மீது உரிமை கெட்டியாக இருக்கிறது. அதற்குக் குறைந்த வயதுள்ள வீட்டுக்காரர் கவனக்குறைவு என்ற அடிப்படையில் வழக்குப் போட வேண்டியிருக்கும். முடியாது என்றில்லை, நிரூபிக்க வேண்டியது கொஞ்சம் கூடுதல்.

சரி, தோண்டியவர் ஒப்பந்ததாரர் ஆயிற்றே? பொதுவான விதி, சுதந்திரமாக வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரரின் தவறுக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பில்லை என்பதுதான். ஆனால் அடுத்தவர் மண்ணின் தாங்குதலை எடுக்கும் வேலை அந்த விதிக்கு விலக்கு. 1876-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பவர் எதிர் பீட் வழக்கு நமது தெருக்களுக்காகவே நடந்ததுபோல் இருக்கும். ஒருவர் தன் வீட்டை இடித்துத் தோண்டி மறுபடி கட்ட ஒப்பந்தம் போட்டார். பக்கத்து வீட்டுக்கு முட்டுக் கொடுப்பது, சேதமானால் சரிசெய்வது எல்லாம் தன் பொறுப்பு என்று ஒப்பந்ததாரர் எழுதியே கொடுத்திருந்தார். முட்டு போதவில்லை, பக்கத்து வீடு சேதமானது. வீட்டுச் சொந்தக்காரர்தான் பொறுப்பு என்றது நீதிமன்றம். செய்தாலே பக்கத்தவருக்கு ஆபத்து என்று தெரிந்த வேலையைச் செய்யச் சொன்னவர், அந்த ஆபத்தைத் தடுக்கும் கடமையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க முடியாது. இந்தக் கோட்பாட்டை இந்திய நீதிமன்றங்களில் எடுத்துவைக்கலாம். ஒப்பந்ததாரர் எழுதிக் கொடுத்த தாள், மனைக்காரர் பிற்பாடு அவரிடமிருந்து பணத்தை மீட்க உதவும். உங்களை அது கட்டுப்படுத்தாது.

கூட்டு முயற்சி என்ற பெயரில் மனைக்காரர் பவர் கொடுத்து, பில்டர் கட்டி, வீடுகளைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டில் இருவரையும் பிரதிவாதிகளாகச் சேர்ப்பதே புத்தி. இன்னொரு வகை, லேபர் கான்ட்ராக்ட். மனைக்காரர் சிமென்ட், கம்பி, மணல் வாங்கித் தருவார். மேஸ்திரி ஆட்களை மட்டும் கூட்டி வருவார். எவ்வளவு ஆழம், எந்த நாள், மழையில் நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது மனைக்காரரே. அப்படியிருக்க, தான் வெறும் வீட்டுக்காரர் என்று அவர் சொல்வது எடுபடாது. தொழிலாளி ஒருவர் விழுந்து காயப்பட்டால் முதல் கேள்வியும் அவரிடம்தான் வரும். வேலைக்கு வருபவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களா என்று மேஸ்திரியிடம் முதல் நாளே கேட்பது, அந்தக் குடும்பங்களுக்கு நாளை உதவியாக நிற்கும் ஒரு காகிதத்தை உறுதிசெய்வதாகும்.

## "விரிசல் முன்னாடியே இருந்திருக்கும்"

நான்கு பதில்களில் இதுதான் உண்மையிலேயே வலுவானது. சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், இந்த விரிசல் இந்தப் பள்ளத்தால் வந்தது என்று காட்ட வேண்டியது உங்கள் வேலை. பல வழக்குகள் இங்கேதான் தேய்ந்துபோகின்றன.

ஒரு விதிவிலக்கு உண்டு. பொதுவழியை ஒட்டி நிற்கும் கட்டடம் வழியில் போகிறவர் மீது விழுந்தால், விழுந்ததே சாட்சி. டெல்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு சரிந்து ஆட்கள் இறந்த வழக்கில் 1966-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அந்தக் கூண்டுக்கு 80 வயது. அதைக் கட்டிய சாந்தின் ஆயுள் 40 முதல் 45 ஆண்டுகள். சேதம் வெளியே தெரியவில்லை என்று மாநகராட்சி சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் விழாத ஒன்று விழுந்திருக்கிறது, விளக்க வேண்டியவர் சொந்தக்காரர். ஆனால் உங்கள் சமையலறை விரிசல் அப்படிப்பட்டதன்று. விரிசலுக்கு ஆயிரம் காரணம் உண்டு: கான்கிரீட் சுருங்குவது, களிமண் கோடையில் பிளந்து மழையில் உப்புவது, பழைய கசிவு.

ஆகவே பக்கத்து மனையில் தகரம் அடிக்கும் நாளிலேயே செய்ய வேண்டியவை:

1. எல்லைப் பக்கத்து அறைகள் அனைத்தையும் சுவர், தரை, கூரை, கதவு, ஜன்னல் மூலை என்று நிதானமாக வீடியோ எடுங்கள். ஏற்கெனவே உள்ள விரிசல்களை மறைக்காதீர்கள். அவற்றையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தால்தான் மற்றவை புதியவை என்று நம்பப்படும்.
2. அதே நாளில் அவற்றை மனைக்காரருக்கும் பில்டருக்கும் அனுப்பிவிடுங்கள். ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். அசல் கோப்பு உள்ள கைபேசியைப் பத்திரமாக வையுங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள்.
3. இயன்றால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்து வீட்டின் நிலையை அறிக்கையாக வாங்குங்கள். இந்தச் செலவை ஏற்கும்படி பில்டரிடமே கேட்கலாம். பொய்ப் புகாரிலிருந்து அவரையும் அது காப்பாற்றும்.
4. மனைக்காரரிடம் கேட்க வேண்டியவை: அனுமதி பெற்ற வரைபடம், மண் பரிசோதனை அறிக்கை, பள்ளத்துக்கு எப்படி முட்டுக் கொடுக்கப் போகிறார்கள், காப்பீடு. வரைபடம் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உள்ளாட்சியிடம் கேளுங்கள்.

காப்பீட்டைப் பற்றி ஒரு நுணுக்கம். கட்டுமானப் பணிக்கென்று ஒப்பந்ததாரர் எடுக்கும் முழுமைக் காப்பீட்டில் மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதமும் சேர்ந்திருக்கும். ஆனால் அதிர்வாலோ தாங்குதலை நீக்கியதாலோ பக்கத்துக் கட்டடத்துக்கு ஏற்படும் சேதம் அந்தப் பகுதியில் வழக்கமாக விலக்கி வைக்கப்பட்டிருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டித் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. "இன்ஷூரன்ஸ் இருக்கு" என்ற பதிலோடு நிற்காமல், அந்த விதி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாலிசித் தாளைப் பார்க்க வேண்டும்.

விரிசல் விழுந்த பிறகு அது நகர்கிறதா, நின்றுவிட்டதா என்பதே முக்கியம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைந்த தேதியும், பள்ளத்தில் அன்று நடந்த வேலையும் ஒரு நோட்டில் எதிரெதிரே இருந்தால், அதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை.

## "இது சிவில் மேட்டர்"

பணத்தைப் பொறுத்தவரை ஆம். உயிருக்கு ஆபத்து என்ற இடத்தில் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 290-ஆம் பிரிவு, கட்டடத்தை இடிக்கும்போதோ கட்டும்போதோ பழுதுபார்க்கும்போதோ அது விழுந்து மனித உயிருக்கு ஆபத்து வராமல் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாததையே குற்றமாக்குகிறது. 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாரும் சாக வேண்டியதில்லை, ஏற்பாடு இல்லாததே போதும். தண்டனை சிறியது; ஆனால் புகார் ஏட்டில் ஏறியபின் பில்டரின் வேகம் குறைவதை அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் சொல்வார்கள். கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் 106-ஆம் பிரிவு, 5 ஆண்டு வரை சிறை.

அதிகம் பேருக்குத் தெரியாத வழி கோட்டாட்சியர் அலுவலகம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவின்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133), விழும் நிலையில் உள்ள கட்டடத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ, பொதுவழியை ஒட்டிய பள்ளத்துக்கு வேலி போடவோ கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். பணம் தீர்ந்து பாதியில் கைவிட்ட பள்ளத்தில் மழைநீர் தேங்கித் தெருப் பிள்ளைகளுக்கு ஆபத்தாக நிற்கும்போது இதுவே பொருத்தமான கதவு.

வரைபடத்தை மீறிக் கட்டினால், 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57-ஆம் பிரிவுகளின்படி வேலையை நிறுத்தவும் மீறலை அகற்றவும் நோட்டீஸ் விட முடியும். வார்டு உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சென்னையில் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் பதிவு செய்த புகாரின் எண்ணும் உதவும்.

உரிமையியல் நீதிமன்றத்தில், வசதியுரிமைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு ஒன்றைத் தெளிவாக்குகிறது: தாங்குதல் நீக்கப்பட்டதற்கு இழப்பீடு கேட்க, கணிசமான சேதம் உண்மையில் ஏற்பட்டிருக்க வேண்டும். பயம் மட்டும் இழப்பீடு தராது. ஆனால் தடையாணை கேட்கச் சேதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வழக்கோடு, வழக்கறிஞர் ஆணையர் ஒருவரைப் பொறியாளருடன் அனுப்பி இரண்டு மனைகளையும் பார்வையிட்டு அறிக்கை தரச் சொல்லி மனுப் போடுவது வழக்கம். பள்ளம் மூடப்படுவதற்குள் அவர் வந்துவிட வேண்டும். கான்கிரீட் போட்டு மண் நிரப்பிய பிறகு, எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்பது வாய்ச்சொல்லாகிவிடும். பொதுவாக இழப்பீட்டு வழக்குக்கு 3 ஆண்டுகள், உயிரிழப்புக்குக் குடும்பத்தார் தொடுக்கும் வழக்குக்கு 2 ஆண்டுகள் கால வரம்பு.

பெரும்பாலானவை நீதிமன்றம் போவதில்லை, கவுன்சிலர் வீட்டுத் திண்ணையிலோ சைட்டிலோ பேசி முடிகின்றன. அதில் தவறில்லை. ஆனால் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். விரிசலை இப்போதே சிமென்ட் பூசித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். மண் அமர்ந்து முடியச் சில மாதங்களாகும், ஒரு மழைக்காலமாவது கடக்கட்டும். "இனி எந்த ஆட்சேபணையும் இல்லை" என்ற வாசகத்தோடு வரும் தாளில் வேலை முடியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

## எப்போது வீட்டை விட்டு வெளியேற வேண்டும்

தலைமுடி அளவு, 1 மில்லிமீட்டருக்கும் குறைவான விரிசல் பூச்சோடு நிற்பது. 5 மில்லிமீட்டர் வரை பழுதுபார்த்துவிடலாம், கதவு ஜன்னல் லேசாக இறுகும். 5-ஐத் தாண்டினால் பொறியாளர் வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் கட்டமைப்பே பாதிக்கப்பட்டிருக்கிறது என்பது பொறியாளர்கள் பின்பற்றும் தோராய வரிசை. இந்த எண்களைவிட முக்கியமானது வேகம். கண்ணாடித் துண்டு ஒரே இரவில் உடைவது, சுவருக்குள் வெடிக்கும் சத்தம், மேலிருந்து பூச்சு உதிர்வது, காலையில் திறந்த கதவு மாலையில் திறக்க மறுப்பது: இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காமல் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். பக்கத்துப் பள்ளத்தில் இருக்கும் தொழிலாளர்களையும் கூவி மேலே வரச் சொல்ல வேண்டும், முதலில் மண் விழுவது அவர்கள் மீதுதான்.

2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட குடிசை மாற்று வாரியக் கட்டடம் ஒன்று சரிந்தது. முந்தைய இரவே சுவரில் விரிசலைப் பார்த்த குடியிருப்பாளர்கள் கட்டடம் விழுவதற்குள் வெளியேறியிருந்தார்கள். மறுநாள் காலை, 27-ஆம் தேதி, கட்டடம் தரைமட்டமானபோது உள்ளே யாரும் இல்லை.